புனேயில் தனியார் பல்கலைக்கழகம்: குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

புனேயின் ஔந்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்ததும் ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை. பானேர் பக்கம் வாங்கிய வீட்டுக்கு மாதத் தவணை. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு அனுப்பும் பணம். இவற்றுக்கு நடுவே பிள்ளையைத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் நான்கு வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் அந்தக் கணக்கு. அதே ஔந்தில், அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கும் வசாஹத் என்னும் எளிய குடியிருப்புகளில் கார் ஓட்டுகிறவர்களும் வீட்டுவேலை செய்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு தேறி வருகிறார்கள்.

இரு வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்படியாகுமா என்பதில் சம்பளத்துக்குப் பாதிப் பங்குதான். பிள்ளை எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறது என்பதுதான் மீதிப் பாதி. கதவு மாறினால் அதே பி.டெக். பட்டத்துக்குக் கட்டணம் மூன்று, நான்கு மடங்கு மாறுகிறது. சில வீடுகளுக்கு ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் ஏராளம் என்பதால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில், ஔந்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். கணேஷ்கிண்ட் சாலையில் சிறிது தூரம் போனால் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். 1949-ல் தொடங்கிய இந்த அரசுப் பல்கலைக்கழகம், பம்பாய் மாகாண கவர்னரின் பழைய மாளிகையிலும் அதைச் சுற்றிய 400 ஏக்கருக்கும் மேற்பட்ட மரங்கள் அடர்ந்த வளாகத்திலும் இருக்கிறது. 2014-ல்தான் சாவித்ரிபாயின் பெயர் சூட்டப்பட்டது. ஔந்துக்குள்ளேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ரயத் சிக்ஷண் சன்ஸ்தா நடத்தும் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் கல்லூரியும் இருக்கிறது. கர்மவீர் பாவுராவ் பாட்டீல் 1919-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அமைப்பு ரயத். ‘சம்பாதித்துக்கொண்டே படி’ என்ற வழக்கத்தை மகாராஷ்டிராவில் வேரூன்ற வைத்தவரும் அவர்தான். மேற்கே லவளே குன்றுப் பக்கம் போனால் சிம்பயாசிஸ், ஃபிளேம். கோத்ருடில் எம்ஐடி உலக அமைதிப் பல்கலைக்கழகம். பிம்ப்ரியில் டி.ஒய். பாட்டீல் வித்யாபீடம். ஒரே ஊரில் எல்லா விலையிலும் படிப்பு கிடைக்கிறது. புனேயில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய வரம். விடுதிச் செலவு இல்லாமல் வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது அதைவிடப் பெரிய வரம்.

இனி கதவுகள். தனியார் நிறுவனங்கள் இங்கே சட்டப்படி மூன்று வகை. முதல் வகை, புனே பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுயநிதிக் கல்லூரி. அரசு உதவி இல்லாமல் நடந்தாலும் பட்டம் அரசுப் பல்கலைக்கழகத்தினுடையது. இரண்டாவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956, பிரிவு 3-ன்கீழ் மத்திய அரசு அறிவிப்பது. சிம்பயாசிஸ், பாரதி வித்யாபீடம், டி.ஒய். பாட்டீல் வித்யாபீடம் எல்லாம் இந்த வகை. மூன்றாவது, மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கும் தனியார் பல்கலைக்கழகம். எம்ஐடி உலக அமைதிப் பல்கலைக்கழகமும் ஃபிளேமும் இப்படி வந்தவை.

முதல் வகைக் கல்லூரிகளில் கட்டணத்தை நிர்வாகம் நினைத்தபடி வைக்க முடியாது. மகாராஷ்டிரா 2015-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து கட்டண ஒழுங்குமுறை ஆணையம் அமைத்தது. பொறியியல், மருந்தியல், மேலாண்மை போன்ற தொழிற்கல்விக் கல்லூரி ஒவ்வொன்றும் தன் வரவு செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து ஆணையம் கட்டணத்தைத் தீர்மானிக்கும். சேர்க்கையும் பெரும்பாலும் மாநிலப் பொது நுழைவுத் தேர்வுப் பிரிவு (சிஇடி) நடத்தும் பொதுக் கலந்தாய்வு வழியாகத்தான். இங்கே எல்லோரும் ‘கேப் ரவுண்டு’ என்று சொல்வது அதைத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வருவதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கான சட்டப்படி கட்டணம் வகுத்துக்கொள்கின்றன. சேர்க்கையும் அவற்றின் கையில்.

விளைவு கட்டணத்தில் அப்படியே தெரிகிறது. புனேயில் பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் பி.டெக். கட்டணம் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிப் போகிறது. கேப் வழியாகச் சேரும் நல்ல சுயநிதிக் கல்லூரிகளில் ஒரு லட்சத்தையொட்டித் தொடங்கி இரண்டு லட்சம்வரை இருக்கிறது. அரசு உதவி பெறும் கலை, அறிவியல் கல்லூரிகளில் சில ஆயிரங்களில் ஒரு வருடம் முடிந்துவிடும். மருத்துவத்தை இந்த வரிசையில் சேர்க்கவே தயக்கமாக இருக்கிறது. மகாராஷ்டிராவின் சில நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளில் எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல். சம்பளக்காரக் குடும்பம் எதுவும் கடன் வாங்கிக்கூட அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டணத்தைவிடப் பெரிய வித்தியாசம் உதவித்தொகையில் இருக்கிறது. ஆண்டு வருமானம் எட்டு லட்சம்வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு, ராஜர்ஷி சத்ரபதி ஷாஹு மகாராஜ் திட்டத்தின்கீழ் கல்விக் கட்டணத்தில் பாதியை மாநில அரசு தருகிறது. 2024 ஜூலையில் வந்த அரசாணை இன்னும் ஒரு படி மேலே போனது. அதே வருமான வரம்புக்குள் இருக்கும் ஓபிசி, எஸ்இபிசி (சமூக, கல்வி நிலையில் பின்தங்கிய வகுப்பு), பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு மாணவியருக்குத் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுவதும் அரசு பொறுப்பு. தலித், பழங்குடி மாணவர்களுக்குத் தனித் திட்டங்கள் முன்பிருந்தே உண்டு. ஆனால் இந்தச் சலுகைகள் கேப் வழியாக, இணைவுக் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் சுயநிதித் தனியார் பல்கலைக்கழகமும் அந்த அரசாணையிலேயே விலக்கப்பட்டிருக்கின்றன. இணைவுக் கல்லூரியில் சேர்ந்தாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்காது.

வீட்டுவேலை செய்யும் ஒரு தாயின் மகளை வைத்துப் பாருங்கள். கேப் ரவுண்டில் ஒன்றேகால் லட்சம் கட்டணமுள்ள பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால், அவள் பிரிவும் வருமானமும் அரசாணைக்குள் வந்தால், கல்விக் கட்டணம் பூஜ்யம். அதே பெண் விளம்பரத்தைப் பார்த்து ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்தால் நான்கு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம், அதற்கு மேலும். எந்த வாசலில் நிற்கிறோம் என்று அவள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லித்தர வேண்டிய பள்ளியும் ஜூனியர் கல்லூரியும் பல சமயம் சொல்வதில்லை. படித்தவர்கள் நிறைந்த ஔந்தில், அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மாலை உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்ல நம்மால் முடியும்.

பெயர்கள் வேறு குழப்புகின்றன. எம்ஐடி என்ற பெயரில் கோத்ருடில் இருப்பது தனியார் பல்கலைக்கழகம், லோணி காள்போரில் இருப்பது இன்னொரு தனியார் பல்கலைக்கழகம், ஆளந்தியில் இருக்கும் எம்ஐடி பொறியியல் அகாடமி புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. சேனாபதி பாபட் சாலையில் இருக்கும் சிம்பயாசிஸ் கலை, வணிகக் கல்லூரி இணைவுக் கல்லூரி. லவளேயில் இருப்பது நிகர்நிலை. பாரதி வித்யாபீடத்தின் தனகவடி வளாகத்தில் நிகர்நிலையின் பொறியியல் கல்லூரியும், புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்த மகளிர் பொறியியல் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். “பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரை விழும்? சேர்க்கை கேப் வழியாகவா?” இந்த இரண்டையும் கேட்டுவிட்டால் எந்தக் கதவு என்று தெரிந்துவிடும்.

கதவுக்குக் கதவு கட்டணம் மாறும் இந்த நிலை எப்படி வந்தது? 1983-ல் முதலமைச்சர் வசந்ததாதா பாட்டீல் அரசு உதவியில்லாத பொறியியல் கல்லூரிகளுக்கு மகாராஷ்டிராவில் அனுமதி தந்தார். அந்த ஆண்டே எம்ஐடியும் பாரதி வித்யாபீடத்தின் பொறியியல் கல்லூரியும் புனேயில் தொடங்கின. டொனேஷன் என்ற நோயும் கூடவே வந்தது. 1987-ல் நன்கொடை வசூலைத் தடைசெய்து மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது. பிறகு வழக்கு மேல் வழக்கு. 1993-ல் உச்சநீதிமன்றத்தின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு, தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் இலவசம், பாதி இடம் கட்டணம் என்று பிரித்தது. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. நிறுவனம் தன் கட்டணத்தைத் தானே வகுக்கலாம், நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது என்றது. 2005-ல் புனேயைச் சேர்ந்த பி.ஏ. இனாம்தார் தொடுத்த வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதையே இன்னும் தெளிவாக்கியது. இலவச இடம் போய், ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டணமும் அரசு உதவித்தொகையும் வந்த கதை சுருக்கமாக இதுதான்.

இப்போது நடுத்தர வீட்டுக் கணக்கு. எட்டு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மேலே சொன்ன பாதி, முழுக் கட்டணச் சலுகைகள் கிடையாது. இருபத்தைந்து, முப்பது லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்று லட்சம் கட்டுவது சிரமமென்றாலும் நடக்கும். எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் உண்மையில் நெரிபடுகிறார்கள். பத்து லட்சம் ஆண்டு வருமானமுள்ள வீட்டுக்கு மூன்று லட்சம் என்றால் பத்தில் மூன்று பங்கு. இரண்டாவது பிள்ளை இரண்டு வருடம் பின்னால் வருகிறது என்றால் கணக்கு உடைந்துவிடும். நாட்டின் மாதச் சம்பளக்காரர்களின் சராசரி வருவாய் 20,000 ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தச் சராசரிச் சம்பளக்காரரின் முழு ஆண்டு வருமானத்தைவிடத் தனியார் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுக் கட்டணம் அதிகம்.

அதனால் எல்லோரும் போய் நிற்பது வங்கியில். கடனைப் பற்றிப் பேசும்போது வட்டி விகிதத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது அடமானம். வங்கிகளின் வழக்கமான கல்விக்கடன் திட்டத்தில் நான்கு லட்சம்வரை ஜாமீன் வேண்டாம், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் வேண்டும். பன்னிரண்டு லட்சப் படிப்பென்றால் ஊரிலிருக்கும் வீட்டுப் பத்திரம் புனே வங்கிக் கிளைக்கு வந்து சேரும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் இதில் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவி பெறாதவர் என்றால், பத்து லட்சம்வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதையடுத்த அவகாசக் காலத்திலும் மூன்று சதவீத வட்டிச் சலுகை. இது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. புனேயின் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தரவரிசையில் முதல் நூறுக்குள் வருகின்றன, ஆனால் விளம்பரத்தில் ‘டாப்’ என்று போட்டுக்கொள்ளும் எல்லாமும் வருவதில்லை. பட்டியலை வித்யாலட்சுமி தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு லட்சத்தில் இரண்டு லட்சம் கையிலிருந்து, பத்து லட்சம் கடன். ஆண்டுக்கு இரண்டரை லட்சமாக நான்கு தவணையில் வங்கி தருகிறது, வட்டி பத்து சதவீதம் என்று வையுங்கள். படிப்பு நான்கு வருடம், அதற்குப் பிறகு ஒரு வருட அவகாசம். இந்தக் காலத்துக்குத் தனிவட்டியே மூன்றரை லட்சம் சேர்ந்துவிடும். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் பதின்மூன்றரை லட்சம். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 17,800 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் மாதம் 14,500 சொச்சம். மாதத் தவணை குறைகிறது, ஆனால் மொத்தம் 26 லட்சத்தைத் தாண்டிவிடும். இதற்கு எதிரே சம்பளத்தை வையுங்கள். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்கள் கல்லூரி வளாகத்தில் புதியவர்களுக்குத் தரும் ஆண்டுச் சம்பளம் நெடுங்காலமாக மூன்றரை லட்சம் அளவிலேயே நிற்கிறது. கைக்கு வருவது மாதம் 25,000-ஐ ஒட்டி. அதில் 17,800 தவணைக்குப் போனால் மிச்சத்தில் ஹிஞ்சவடியில் ஒரு பேயிங் கெஸ்ட் அறைக்கு வாடகை கொடுத்துச் சாப்பிட முடியாது. தவணையை அப்பாதான் கட்டுவார். அவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருப்பார்.

என் அளவுகோல் இது: படித்து வரும் பிள்ளையின் முதல் வேலைச் சம்பளத்தில் மாதத் தவணை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு இது எட்டாயிரத்துச் சொச்சம், அதாவது பத்து வருடத்தில் அடைப்பதென்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் ஆறு லட்சத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் கடன் தேவைப்படும் படிப்பு என்றால், அந்தத் துறையில் அந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறுகிற நடுவரிசை மாணவருக்கு என்ன சம்பளம் கிடைக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ‘அதிகபட்சச் சம்பளம்’ என்று கையேட்டில் அச்சிடுவது ஒரே ஒரு மாணவரின் கதை. ‘சராசரி’யும் ஒருசிலரின் பெரிய சம்பளத்தால் ஊதிப் போகும். நடுவில் நிற்பவரின் சம்பளத்தையும், வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும். வரிச் சலுகை பற்றி ஒரு வரி: கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு எட்டு ஆண்டுகளுக்கு உண்டு, ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இங்கிலாந்தில் 2012-ல் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தியபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. இருந்தும் அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பட்டதாரியின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவீதம். வேலையில்லை என்றால் தவணையும் இல்லை. பல ஆண்டுகள் கழித்தும் மீதமிருந்தால் தள்ளுபடி. நம் நாட்டில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவகாசம் முடிந்த மாதமே தவணை தொடங்கிவிடும். கடன் ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயரும் இணைக் கடனாளியாக இருக்கும். கட்டணத்தை உயர்த்தும் நாடு, திருப்பிக் கட்டுவதை வருமானத்தோடு பிணைக்க வேண்டும். இதை நாம் கேட்கவே தொடங்கவில்லை.

புனேத் தமிழர்களுக்கென்று தனியாகச் சில முடிச்சுகள் உண்டு. கேப் ரவுண்டில் மகாராஷ்டிர மாணவர் என்ற தகுதிக்குப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கே படித்திருப்பதோடு, டொமிசைல் சான்றிதழோ இங்கே பிறந்த சான்றோ வேண்டும். பிள்ளைக்கு இவை பொருந்தாவிட்டாலும் பெற்றோரில் ஒருவருக்கு டொமிசைல் இருந்தால் இன்னொரு வகையில் தகுதி உண்டு. மாநிலத்தில் 15 ஆண்டு வசித்தால்தான் டொமிசைல் என்பது பொது விதி. எட்டு வருடம் முன்பு மாற்றலாகி வந்த குடும்பம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பட்டியல் சாதி என்று இருப்பவருக்கு மகாராஷ்டிராவில் அந்த இட ஒதுக்கீடு கிடைக்காது. 1990-ல் மும்பை சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி தொடர்பான மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பிழைக்கப் போனதாலேயே ஒரு தலித் பிள்ளை பொதுப் பிரிவில் நிற்க வேண்டியிருப்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது, திட்டமிடும்போது அதைக் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டையும் ஒரு வழியாகப் பார்க்கலாம். வெளிமாநிலத்தில் படித்தாலும் பூர்வீகம் தமிழ்நாடு என்பதற்கு இருப்பிடச் சான்றிதழ் பெற்றால் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் கலந்துகொள்ள முடியும். 2017-ல் அங்கே சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். புனேத் தனியார் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் விடுதிச் செலவு சேர்ந்தும் குறைவாகவே வரும். தாத்தா பாட்டி வீட்டிலிருந்து போய்வர முடிந்தால் இன்னும் குறையும். பெயர்பெற்ற அரசுக் கல்லூரி, நல்ல உதவி பெறும் கல்லூரி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு தனியார் பல்கலைக்கழகம்தான் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இருக்கும். அதில் தவறில்லை. வடிவமைப்பு, ஊடகம், சட்டம், தாராளக் கலைகள் போன்ற சில படிப்புகளில் அங்கேதான் நல்ல ஆசிரியர்களும் வசதிகளும் கிடைக்கின்றன. அப்போது முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான்கு வருடத்துக்கும் கட்டணம் எவ்வளவு உயரும், விடுதி கட்டாயமா, மெஸ், தேர்வு, டெபாசிட் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மெரிட் ஸ்காலர்ஷிப் தருகிறோம் என்றால் அடுத்த வருடம் அது தொடர எவ்வளவு சிஜிபிஏ வேண்டும் என்று கேளுங்கள். முதல் வருடம் பாதிக் கட்டணத்தில் சேர்ந்து, இரண்டாம் வருடம் மதிப்பெண் சற்றே குறைந்ததற்காக முழுக் கட்டணம் கட்ட நேரும் பிள்ளைகள் மனம் உடைந்துபோகிறார்கள்.

கேப் முடிவு வருவதற்கு முன்பே பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். கட்டிய பிறகு நல்ல இடம் கிடைத்தால் பணம் போய்விடுமே என்று பயந்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள் பலர். பயப்பட வேண்டாம். கட்டணம் திருப்பித் தருவதற்கு யுஜிசி கெடு அறிவிக்கிறது. 2024-25-ல் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணம், அக்டோபர் 31-க்குள் என்றால் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதி என்பது விதி. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. சேரும் ஆண்டுக்கான சுற்றறிக்கையை யுஜிசி தளத்திலிருந்து இறக்கி ஒரு படி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்றிதழ், டொமிசைல், தேவையென்றால் நலிந்த பிரிவுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ‘ஆப்லே சர்க்கார்’ சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஜூன், ஜூலையில் அங்கே வரிசை நீளும், தாசில்தார் கையெழுத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், அதற்குள் கேப் ரவுண்டின் கெடு முடிந்துபோகும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கும் முன்பே, டிசம்பர், ஜனவரியில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளை அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு என்றால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.